ஐந்தாம் சக்கரம் காணாமற்போனது தொடர்பாக

அனுப்புநர்:
நான்கு சக்கரங்களின் உரிமையாளர்,
சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் திருப்திப் பிரிவு,
எங்கள் மின்காரைத் தயாரித்த நிறுவனம்.

பொருள்: ஐந்தாவது சக்கரம் – இல்லாமை – பாடாலூர் அருகே நள்ளிரவில் தெரியவந்தமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வண்டி எடுத்த அன்றே முதல் சந்தேகத்தைக் கிளப்பியவர் பாடிகாட் முனீஸ்வரர் கோயில் பூசாரிதான். பல்லவன் சாலையில் புது வண்டிகளின் வரிசையில் எங்கள் முறை வந்தது. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார், பூசணிக்காய் சுற்றினார், பானட்டில் பட்டை போட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் பர்ஸை எடுக்கும்போது, "டிக்கியத் திறங்க சார், ஸ்டெப்னிக்கும் ஒரு பொட்டு வெச்சிடறேன்" என்றார்.

திறந்தேன். அகலமான, சுத்தமான, வாசனையடிக்கும் வெற்றிடம். அதன் ஓரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையின் சாப்பாட்டுப் பை அளவுக்கு ஒரு கறுப்புப் பை. அதற்குள்ளே ஒரு குட்டிப் பம்பு, ஒரு பசைப்புட்டி. பூசாரி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுதாங்க ஸ்டெப்னி" என்றேன், உங்கள் ஷோரூம் பையன் என்னிடம் சொன்ன அதே குரலில். தொழில் தெரிந்தவர். மறுபேச்சில்லாமல் பைக்குக் குங்குமம் வைத்தார். ஆனால் போகும்போது கூடுதலாக ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்து, "இதையும் உள்ள போட்டு வைங்க" என்றார்.

அந்தப் பழத்தை அன்று நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

உங்கள் ஷோரூமில் ஸ்டெப்னி எங்கே என்று நான் கேட்காமல் இல்லை. கேட்டேன். பையன் என்னை லேண்ட்லைன் வைத்திருப்பவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "இப்ப யாரும் குடுக்கறதில்ல சார். கவர்ன்மெண்ட் ரூலே மாறிடுச்சு" என்றான். மாறியது உண்மைதான். 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். மூன்றரை டன்னுக்கு மேற்படாத கார், டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து அமல். மிச்சமாகும் இடத்தில் மின்கார்களுக்குப் பெரிய பேட்டரி வைக்கலாம் என்று காரணமும் சொன்னார்கள். விதி சொன்னது 'கட்டாயமில்லை' என்று. உங்கள் காதில் அது 'கூடாது' என்று விழுந்திருக்கிறது. ஹெல்மெட் விஷயத்தில் எங்கள் காதில் 'கட்டாயம்' என்பது 'முடிந்தால்' என்று விழுவதில்லையா, அதுபோல. காது விஷயத்தில் நாம் ஒரே குடும்பம்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்து திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, எழுபத்தெட்டு வயது அம்மா, கரும்புக் கட்டு, இரண்டு பூசணிக்காய், அரை மூட்டை அரிசி. ஸ்டெப்னி இல்லாததால் கிடைத்த இடம் முழுவதையும் நிறைத்திருந்தோம்; அதற்கான நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடாலூரைத் தாண்டி இரவு பதினொன்றே கால். எதிரே வந்த ஏதோ ஒரு வண்டிக்கு ஒதுங்கி ஓரத்தில் இறங்கி ஏறினேன், 'டப்' என்று ஒரு சத்தம். பெட்ரோல் வண்டியாக இருந்தால் அந்தச் சத்தம் என்ஜின் இரைச்சலில் கரைந்திருக்கும். உங்கள் வண்டி அவ்வளவு அமைதி. என் மனசு உடைந்த சத்தம்கூடத் தனியாகக் கேட்டது.

திரையில் இடது பின்சக்கரம் சிவப்பாகியது. 36 என்று இருந்த எண் 22 ஆனது, 14 ஆனது, 5 ஆனது. இவ்வளவு துல்லியமாக ஒரு சாவை நேரலையில் நான் பார்த்ததில்லை. பக்கத்திலேயே பச்சையில் இன்னோர் எண்: இன்னும் 286 கிலோமீட்டர் போகலாம். வண்டி வாங்கியதிலிருந்து ஆறு மாதமாக, சார்ஜ் தீர்ந்து நடுவழியில் நின்றுவிடுவோமோ என்று மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். நின்றது என்னவோ நடுவழியில்தான். சார்ஜ் மட்டும் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.

இறங்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில், ஆள்காட்டி விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். அம்மா கண்ணாடியை இறக்கி, "உங்கப்பா இருந்தா இருபது நிமிஷத்துல மாத்திடுவார்" என்றாள்.

உண்மைதான். எங்கள் அம்பாஸடரில் டிக்கியின் தரைக்குக் கீழே, அதற்கென்றே இருந்த அறையில், ஸ்டெப்னி சீனியர் மாமனார் மாதிரி படுத்திருக்கும். அப்பா சட்டையைக் கழற்றி சீட்டில் போடுவார். முன்சக்கரத்துக்கு முட்டுக்கல் தேடுவது என் வேலை. டார்ச் பிடிப்பது அம்மாவின் வேலை. வீல் கப்பைக் கவிழ்த்து, அவிழ்த்த நட்டுகளைச் சோழி மாதிரி அதில் போடுவோம். வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தால்தான் கடைசி நட்டு அசையும். அது 'கிரீச்' என்று விடும் கணம் இருக்கிறதே, குடும்பமே மூச்சு விடும். அதன்பின் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, வழியில் வரும் முதல் கடையில் பஞ்சர் ஒட்டும்வரை ஒருவித மிதப்போடு வண்டி ஓட்டுவார். அந்த மிதப்பையும் சேர்த்துத்தான் நீங்கள் டிக்கியிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

நான் பையைத் திறந்தேன். குங்குமம் இன்னும் அழியவில்லை. கையேட்டை மனைவி உரக்க வாசித்தாள். தரையில் படும் பகுதியில் ஆணி குத்தியிருந்தால், ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் இல்லையென்றால், காற்றில்லாமல் வண்டி ஓடியிருக்கவில்லையென்றால், பசை காலாவதியாகவில்லையென்றால் இந்தச் சாதனத்தைப் பயன்படுத்தலாம். பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதாவது, டயருக்கு அதிகம் ஒன்றும் ஆகாதிருந்தால் இது காப்பாற்றும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் டாக்டர்!

கூடாது என்று எழுதியிருப்பதைச் செய்து பார்ப்பது எங்கள் வழக்கம். புட்டியைப் பொருத்தி, பம்பை 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகி, சுவிட்சைப் போட்டேன். அது ரைஸ்மில் போலக் கத்தியது. ஒரு நிமிடத்தில் வெள்ளைப் பசை கிழிசல் வழியாகப் பொங்கி, சக்கரம் முழுக்க வழிந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாலாபிஷேகம் மாதிரி இருக்குடா."

அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். முதலில் உங்கள் புதிய மாடலின் விலை சொன்னார்கள். பிறகு ஒரு பெண், மிகவும் மரியாதையானவர், "நீங்க பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். லாரிகள் ஒவ்வொன்றும் கடக்கும்போது வண்டி தொட்டில் போல ஆடிக்கொண்டிருந்தது, ஆமாம் என்றேன். "பக்கத்துல லேண்ட்மார்க்?" புளியமரம் என்றேன். "ஸ்டெப்னி இருக்கா சார்?" என்றார். உங்கள் நிறுவனத்தின் ஆள், உங்கள் வண்டியைப் பற்றி, என்னிடம்! நான் பதில் சொல்லவில்லை. அவரே கணினியில் பார்த்து, "ஓ, இந்த மாடலுக்கு வராதுல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் வந்தது ஒரு கொக்கி வண்டி. முன்சக்கரம் இரண்டையும் தூக்கி இழுத்துப் போகும் ரகம். ஓட்டுநர் இறங்கினார், பின்சக்கரத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். முன்பக்கம் தூக்கினால் செத்த சக்கரம் சாலையில் தேயும். பின்பக்கம் தூக்கினால் முன்சக்கரம் உருளும்; உருண்டால் மோட்டார் சுற்றும், சுற்றினால் அது கரண்டு எடுக்க ஆரம்பித்துவிடும், ஏதாவது புகைந்தால் வாரண்டி கிடையாது. நான்கு சக்கரமும் தரையில் படாமல் மேடை லாரியில்தான் ஏற்றிப்போக வேண்டும் என்று உங்கள் கையேடே சொல்கிறது. இதை உங்கள் கையேடு உங்கள் உதவி மையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொக்கி வண்டி வந்த வழியே போனது. மேடை லாரி விடிந்துதான் கிடைக்கும் என்றார்கள்.

அந்த ஓட்டுநர்தான் போகிற போக்கில் பாடாலூர்ப் பஞ்சர் கடைத் தம்பியை எழுப்பி அனுப்பினார். தம்பி டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தார்; முன்னால் ஜாக்கி, பின்னால் லாரி டயர்த் துண்டு, இடுப்பில் லுங்கி. குனிந்து பார்த்துவிட்டு, உலகத்திலேயே நியாயமான கேள்வியைக் கேட்டார்: "ஸ்டெப்னி எங்கண்ணே?"

பையைக் காட்டினேன். தம்பி சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்ததே அதனால்தான்.

ஜாக்கியை எடுத்துவந்தவர் வண்டிக்கடியில் டார்ச் அடித்து, "கீழ பூரா பேட்டரியா இருக்கே, எங்க முட்டுக் குடுக்கறது?" என்றார். தவறான இடத்தில் முட்டினால் பேட்டரிப் பெட்டியே நசுங்கும் என்பதை உங்கள் பயிற்சி வகுப்புக்கு வராமலே தெரிந்துவைத்திருந்தார். ஓரத்தில் சின்னதாக வெட்டிய குறியைத் தடவிக் கண்டுபிடித்து, டயர்த் துண்டை வைத்து அதன்மேல் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் உள்ளே வட்டம் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. "உள்ள மெத்தை போட்டிருக்காங்கண்ணே!" சத்தத்தை உறிஞ்சுவதற்கான நுரை அது. இந்தப் பசை அந்த நுரைமேல் கொட்டினால் ஓட்டையைத் தேடிப் போவதற்குள் மெத்தை குடித்துவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நுரை உள்ள டயரையும் பசை உள்ள புட்டியையும் ஒரே வண்டியில் கொடுத்து அனுப்பியவர்கள் எந்தப் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தீர்களோ.

"ஒட்ட முடியாதா தம்பி?"

"மேல ஆணின்னா ஸ்ட்ரிப் வெச்சு நூறு ரூபாயில அனுப்பிடுவேன். சைடு வால். ஒட்டி அனுப்பினா பாட்டிய வெச்சுக்கிட்டு நீங்க நூறுல போவீங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்." அந்த அளவு டயர் அவரிடம் இல்லை. பெரம்பலூரில் இல்லை. திருச்சியில் சொல்லிவைத்தால் இரண்டு நாள். இவ்வளவுக்கும் அதே பெரம்பலூர் மாவட்டத்தில், நாரணமங்கலத்தில், பெரிய டயர்த் தொழிற்சாலையே இருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் உப்பு வாங்க அலைவதுபோல் நாங்கள் அலைந்தோம்.

அந்தத் தொழிற்சாலையை நடத்தும் எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத்தான் தொடங்கியது. காற்றடைத்தது எதுவும் ஒருநாள் போகும் என்பது பலூன் வாங்கும் குழந்தைக்கே தெரியும். திருவிழாவில் அது எப்போதும் இரண்டாகக் கேட்டுத்தான் அடம்பிடிக்கும்.

கடைத் திண்ணையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தபோது வரலாறெல்லாம் ஞாபகம் வந்தது. வேறு வேலை இல்லை. 1899-ல் முதன்முதலாக நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய கார் ஒரு மின்கார். பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்ஸி ஓட்டியது. ஓடியது மிஷ்லின் காற்று டயரில். அந்தக் காருக்குப் பிரெஞ்சில் வைத்த பெயருக்கு 'ஒருபோதும் திருப்தியடையாதவள்' என்று பொருள். உங்கள் பிரிவின் பெயர்ப் பலகைக்கு அடியில் அவள் படத்தை மாட்டலாம். அதற்கு ஐந்து ஆண்டு கழித்து, 1904-ல், வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே மாட்டி முடுக்கிக்கொள்ளும் ஓர் உபரிச் சக்கரத்தைச் செய்தார்கள். தெருப் பெயரே சக்கரத்துக்கும் வந்தது. ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை மறந்தே போனார்கள். நாங்கள் மறக்கவில்லை, இன்னொரு அர்த்தமும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்கிறோம், அது அம்மா படிக்கும் கடிதத்தில் வேண்டாம். என் கேள்வி ஒன்றுதான்: 2030-க்குப் போகிறோம் என்று விளம்பரம் செய்யும் வண்டியில் ஏற்றி எங்களை ஏன் 1903-ல் இறக்கிவிட்டீர்கள்?

இடம் இல்லை, எடை கூடும், தூரம் குறையும் என்பீர்கள். சுமார் முந்நூறு கிலோ பேட்டரியைச் சுமக்கும் வண்டி அது. என் மாமியார் வீட்டு அரிசியைச் சுமந்தது, பூசணியைச் சுமந்தது, கோபித்துக்கொள்ளவில்லை. பதினைந்து இருபது கிலோ சக்கரம் என்றதும் மட்டும் அதற்கு மூச்சு வாங்குகிறது. ஒன்று கவனித்தீர்களா? நீங்கள் இறக்கிய எடை எங்கும் மறைந்துவிடவில்லை. அது நள்ளிரவில் தம்பியின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏறியது. நீங்கள் மிச்சம் பிடித்த பணம் மேடை லாரி வாடகையாக என் கணக்கில் ஏறியது. முதல் 25 கிலோமீட்டர்தான் இலவசம், திருச்சி அதற்குக் கொஞ்சம் அப்பால் இருப்பது திருச்சியின் குற்றம். லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் இருந்தது ஓர் இருக்கை. அம்மா லாரியில் போனாள். நாங்கள் பூசணிக்காயோடு பஸ்ஸில் போனோம்.

என் கோரிக்கை பெரிதல்ல. இதே அளவில் ரிம்மோடு ஒரு சக்கரம், ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர். இலவசமாகக்கூட வேண்டாம், வண்டி வாங்கும்போது அரை லட்சத்துக்குப் பாயும் மேற்கூரை விளக்கும் விற்ற நீங்கள், இதையும் காசுக்கு விற்றிருந்தால் வாங்கியிருப்பேன். அதுவும் முடியாதென்றால், பக்கவாட்டுக் கிழிசலுக்கு இந்தப் பை உதவாது என்பதை ஷோரூமிலேயே, அந்தப் பையன் வாயாலேயே, தமிழில் சொல்ல வையுங்கள். கையேட்டின் பக்கம் வரை நாங்கள் போவது பாடாலூர் வந்த பிறகுதான்.

சென்ற வாரம் உங்கள் பிரிவிலிருந்து போன் வந்தது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டார்கள். நான்கு என்றேன். "ஐந்தாவது ஏன் சார் குடுக்கல?" என்று அந்தப் பெண் வருத்தத்தோடு கேட்டார். அதே கேள்வியை உங்களிடம் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
நான்கு சக்கரங்களின் உரிமையாளர்

இணைப்பு: பசைப்புட்டி ஒன்று (காலி).

குறிப்பு: எலுமிச்சம்பழம் இணைக்கப்படவில்லை. காய்ந்துவிட்டது என்றாலும், டிக்கியில் இப்போதைக்கு உருண்டையாக இருப்பது அது ஒன்றுதான்.