நின்றபடி பேசுகிறவர்கள்

தொண்ணூறுகளில் பெங்களூரில், ஜாகுவார் போர் விமானத்துக்கு மென்பொருள் எழுதும் குழுவொன்றில் இருந்தேன். தேவை ஆவணம்தான் எங்களுக்கு வேதம். அதில் கையெழுத்தாகிவிட்டால் பிரம்மாவே வந்து கேட்டாலும் ஹெட்-அப் டிஸ்ப்ளேயில் ஒரு கோடு நகராது. தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று படிப்படியாக இறங்கலாம், ஏறக்கூடாது. 1970-இல் இதைப் படம் போட்டுக் காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ், இப்படியே செய்தால் ஆபத்து என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார். உலகம் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

இதெல்லாம் காகிதத்தில். நடந்தது வேறு. காலையில் இறங்கி வந்த பைலட், திருப்பத்தில் ஒரு குறியீடு நடுங்குவதாகச் சொல்வார். மதியம் தரையிலிருக்கும் சோதனை ரிக்கில் அதே நடுக்கத்தை வரவழைப்போம். ஈப்ராம் சில்லின் கண்ணாடிச் சன்னலை மூடிய ஸ்டிக்கரை உரித்து, புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம் வைத்துப் பழையதை அழித்து, புது நிரலை ஏற்றுவோம். மறுநாள் அவரே ரிக்கில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்குவார். மறுபடி விளக்கு. நாலைந்து சுற்றில் நடுக்கம் நிற்கும். அதன்பிறகு விண்ணப்பம் போகும். மாற்றங்களுக்கான போர்டு கூடி, தீர ஆலோசித்து, முடிந்துபோன வேலையைத் தொடங்க அனுமதி தரும்.

2001-இல் யூட்டாவின் பனிச்சறுக்கு விடுதியொன்றில் 17 மென்பொருள்காரர்கள் கூடி, ஆவணத்தைவிட ஓடும் மென்பொருளே மேல் என்று பிரகடனம் செய்தார்கள். எங்களைக் கேட்டிருந்தால் விளக்கையும் அனுப்பியிருப்போம்.

சமீபத்தில், அந்தப் பிரகடனத்தின் வழியில் விமான மென்பொருள் எழுதும் ஓரிடத்தில் ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். சுவரெல்லாம் மஞ்சள் சீட்டு. காலையில் எல்லோரும் நின்றபடி பேசுகிறார்கள் (என் முழங்காலை மதித்து ஒரு நாற்காலி போட்டார்கள்). இரண்டு வாரத்துக்கொரு ஸ்பிரிண்ட், முடிவில் ஒரு வெளியீடு என்றாள் ஸ்க்ரம் மாஸ்டர், என் பேத்தி வயதுப் பெண்.

"விமானம் எப்பம்மா கிடைக்கும்?"

"மூணு மாசம் ஆகும் சார். சர்வீஸ்ல இருக்கு."

ஆக, ஆறு வெளியீடுகள் வரிசையில் நிற்கும். விமானத்துக்குள்ளே, மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச, எங்கள் காலத்து அதே 1553பி பஸ், விநாடிக்கு அதே 1 மெகாபிட். ஒரு பெட்டி புதிதாக ஒரு செய்தி அனுப்ப வேண்டுமென்றால், மற்றப் பெட்டிகள் பேசும் நேர அட்டவணையையும் சரிபார்த்தாக வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் எந்த நிரல், எந்தச் சோதனை என்று சான்றளிப்பவர்களுக்குக் காட்டியும் ஆக வேண்டும். அந்தக் காகிதம் எந்த ஸ்பிரிண்டிலும் அடங்குவதில்லை.

பைலட்டைக் காலைக் கூட்டத்துக்கு வரச் சொல்லலாமே என்றேன். நல்ல யோசனை என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டினாள். அதற்குப் போர்டு அனுமதி வேண்டுமாம்.