பழகுறதுக்கு இதுதானா கெடச்சிச்சு?

தேயிலைத் தோட்ட லயத்தில் யாருக்கும் தெரியாமல் பழக முடியாத வித்தை ஒன்று உண்டென்றால் அது தப்புதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். அடுத்த வீட்டில் தேத்தண்ணி ஆற்றுவதே காதில் விழும் இடத்தில், மாட்டுத்தோல் வாத்தியத்தை ஒருவன் 'மெதுவாக' அடித்துப் பழகுகிறேன் என்றால் யார் நம்புவது?

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். சிக்கல் என்னவென்றால் இலங்கை மலையகத்தில் தப்பு சேதி சொல்லும். ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுத் தப்பு அடித்துத்தான் ஆட்களை வேலைக்கு எழுப்பினார்கள். கலியாணத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு வேறு அடி. கற்றுக்குட்டியின் கை தடுமாறினால் அபசுரத்தோடு போகாது, பொய்ச் சேதியாகிவிடும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பையன் இஸ்தோப்பில் நின்று கலியாண அடி பழகினான். கை எங்கோ வழுக்கிக்கொண்டு போயிற்று. மேல் லயத்திலிருந்து ஒரு கிழவி, முந்தானையை இழுத்துச் செருகியபடி பாதி ஒப்பாரியோடு இறங்கி வந்துவிட்டாள்.

"யாருடா தம்பி போயிட்டது?"

"யாரும் போகல அப்பாயி. பழகுறேன்."

"பழகுறதுக்கு இதுதானா கெடச்சிச்சு?"

வந்தவள் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பவில்லை.

அடுத்த பகை வானிலை. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர். மூடுபனி கதவைத் தட்டாமலே உள்ளே வரும். ஈரம் பட்டால் தோல் தொய்ந்து, தப்பு நனைந்த சாக்கைப் போலச் சத்தம் போடும். நெருப்பு மூட்டி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். கிண்ணென்றால் சரி. கொஞ்சம் கூடக் காய்ந்துவிட்டால் தோல் வெடிக்கும். அதற்குப் பிறகு வாத்தியார் பேசும் பேச்சு எந்தத் தாளத்திலும் அடங்காது. அமெரிக்காவின் புளூகிராஸ் இசையில் பாஞ்சோ வாசிப்பவர்களும் இந்தப் பாடு பட்டவர்களே. பாஞ்சோவின் முகத்திலும் கன்றுத்தோல்தான் இருந்தது. 1950களில் பிளாஸ்டிக் வந்த பிறகே மழைநாளில் மூச்சு விட்டார்கள். தமிழ்நாட்டில் இப்போது ஃபைபர் பறையும் வந்துவிட்டது. நனையாது, நெருப்பும் வேண்டாம். ஆனால் நெருப்பைச் சுற்றி நின்று அடிக்கும் அரட்டையும் போயிற்று.

இரு நாட்டுக் கற்றுக்குட்டிகளுக்கும் நோய் ஒன்றுதான்: வேகம். அங்கே ஒருவன் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1949இல் பதிவு செய்த 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' வேகத்தை மூன்று விரலால் எட்டப் பார்த்து விரல் பின்னிக்கொள்கிறான். இங்கே வலக்கையின் குட்டைக் குச்சி முன்னே ஓட, இடக்கையின் மெல்லிய நீளக் குச்சி எட்டாமல் தவிக்கிறது. மருந்தும் ஒன்றே. அடியை வாயால் சொல்லி, தொடையில் தட்டி, இடக்கை வந்து சேரும்வரை வலக்கையைக் காக்க வைப்பது. இதைச் சொன்னால் கேட்கும் பையன் இன்னும் பிறக்கவில்லை.

ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையாகத்தான் தப்படிப்பது நெடுங்காலம் இருந்தது. அடித்தவரை வாசலில் நிறுத்திவிட்டு அடியை மட்டும் ரசித்த காலம் அது. இன்று ஆசையோடு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கையில், அவர்கள் தப்பும் தவறுமாய் அடித்தாலும் கேட்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

பழகியவனுக்குப் பரீட்சை மாசி மாதத்தில் வரும், காமன் கூத்து என்ற பெயரில். முதல் வருடம் நெருப்புக் காவல்தான் கிடைக்கும். பிறகு பின் வரிசையில் ஓர் இடம். காமன் எரிந்தபின் ரதி அழுதாடும் கட்டம்தான் கத்தி முனை. அழுகைக்கு ஏற்ற நிதானம் வேண்டும். பையனுக்கோ கூட்டத்தைக் கண்ட உற்சாகம். சேலை கட்டி ரதியாய் நிற்கும் மாமா, மார்பில் அறைந்து புருஷனுக்காகக் கதறியபடியே பின் வரிசைப் பக்கம் திரும்பி, ஒரு கதறலுக்கும் அடுத்த கதறலுக்கும் நடுவே பல்லைக் கடிக்கிறார்: "மெதுவாடா டேய், சேலை அவுருது!"