ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க சார்

நடுரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், இரண்டே நிமிடத்தில் அதைச் சுற்றி ஒரு நிபுணர் குழு கூடிவிடும். டீ கிளாஸோடு ஒருவர் வருவார், ஸ்டாண்டில் சவாரி கிடைக்காத ஆட்டோ டிரைவர் வருவார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் பஸ்ஸை விட்டுவிட்டாவது வருவார். அழைக்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இவர்கள் முதல் தீர்ப்பில் மட்டும் ஒரே குரலில் பேசுவார்கள்: "ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க சார்." 1988-ல் சொல்லியிருந்தால் இதைவிடச் சரியான ஆலோசனை இருந்திருக்க முடியாது. நின்றுபோன வண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் அறிவு, அந்த வண்டியைவிட ஒரு தலைமுறை மூத்தது என்பதுதான் என் கட்சி.

அந்த ஆலோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன்மேல் கோபம் வராது. ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ராஜ்தூத் என்று டூ ஸ்ட்ரோக் வண்டிகள் கோலோச்சிய காலத்தில், பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் எரிந்தது. வண்டி எந்தத் தெரு வழியாகப் போனது என்பதைப் புகையை வைத்தே சொல்லிவிடலாம். எரிந்த ஆயில் கரியாகி ப்ளக் நுனியில் படியும். அங்கே பொறி தாவ வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் குறுக்கே கரித்துணுக்கு ஒன்று படுத்துக்கொண்டால் பொறிக்குத் தாவுகிற வேலையே இல்லை. கரி வழியாகவே நடந்து போய்விடும். ஆகவே கழற்றினார்கள், உப்புத்தாளால் தேய்த்தார்கள், ஃபூ என்று ஊதினார்கள். ப்ளக்கை ஒயரில் மாட்டி எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, ஒருவர் கிக்கரை உதைக்க, இன்னொருவர் குனிந்து உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நீலப் பொறி வருகிறதா என்று பார்த்தார். வந்தது, வண்டியும் ஓடியது. ப்ளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, கன்னங்கரேலென்று இருந்தால் ஆயில் அதிகம் என்று விரல் நுனியிலேயே நோய் தெரிந்த காலம் அது. ஸ்கூட்டர்காரர்கள் இதற்கும் முந்திய கட்டமாக வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, பிறகு உதைப்பார்கள். புல்லட்காரர்களுக்கோ ஒரு பூஜையே உண்டு: அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து, பிஸ்டனைப் பக்குவமான இடத்துக்குக் கொண்டுவந்து அப்புறம்தான் மிதிக்க வேண்டும். அவசரப்பட்டவரின் கணுக்காலை அது திருப்பி உதைக்கும்.

இந்த உலகம் மெதுவாகக் கரைந்து, 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது ஏறக்குறைய முடிந்தே போனது. சில மாடல்கள் நீங்கலாக, புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. டேங்க்குக்குள் ஒரு கரன்ட் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்று முனகி பெட்ரோலை அழுத்தத்தோடு நிறுத்தி வைக்கிறது. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்பதையெல்லாம் ஈசியு என்ற பெட்டி முடிவு செய்கிறது. பம்ப்புக்கும் பெட்டிக்கும் சோறு போடுவது பேட்டரி. இது தெரியாமல் நிபுணர் குழு "ரிசர்வ்ல போடுங்க" என்கிறது. உரிமையாளர் டேங்க்கின் அடியில் கையை விட்டு, இல்லாத டேப்பைத் துழாவுகிறார். "சோக் இழுங்க" என்கிறது. இழுக்க ஒன்றும் இல்லை. "கிக்கரை உதைங்க" என்கிறது. 2023-ல் வந்த புல்லட்டிலேயே கிக்கர் கிடையாது. தாத்தாவின் மருந்துச் சீட்டைப் பேரனுக்கு நீட்டுகிற கதைதான். இருவருக்கும் இனிஷியல் வேண்டுமானால் ஒன்றாக இருக்கலாம்.

கூட்டத்தின் பிரம்மாஸ்திரம், தள்ளி ஸ்டார்ட் செய்வது. கியர் வண்டியில், பேட்டரி கொஞ்சம் மிச்சமிருந்தால், செகண்ட் கியரில் இது இன்றும் பலிக்கும். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் பெரும்பாலும் பலிக்காது, பம்ப் ஓட வேண்டுமே! ஆனால் கியரில்லாத ஸ்கூட்டரை நாலு பேர் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால்தான் மனசு கேட்காது. அந்த வண்டியின் கிளட்ச், எஞ்சின் சுற்றினால்தான் சக்கரத்தைப் பிடிக்கும். சக்கரம் சுற்றினால் எஞ்சினைப் பிடிக்காது. தாம்பரம் வரை தள்ளினாலும் அது தாம்பரம் போய்ச் சேருமே தவிர, ஸ்டார்ட் ஆகாது.

சரி, ப்ளக் என்ற சாமான் இன்றைய வண்டியிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இந்த எஞ்சின் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து எரிப்பதில்லை. கரி அப்படிப் படிவதும் இல்லை. ப்ளக் தேய்ந்தாலும் மிஸ் ஆகி, இழுவை குறைந்து, பல நாள் முன்பே சொல்லிவிட்டுத்தான் போகும். காலையில் நன்றாக ஓடிய வண்டி சாயங்காலம் ஊமையானால், சந்தேகப் பட்டியலில் ப்ளக் கடைசி. முதலில் இருப்பவை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன: வலது கைப்பிடியில் சிவப்பு கில் சுவிட்ச், கீழே சைடு ஸ்டாண்ட், ஸ்கூட்டர் என்றால் பிரேக். பார்க்கிங்கில் யாரோ ஒரு பொடியன் கில் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போயிருப்பான். ஸ்டாண்டை எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர்கள் இன்று நிறைய. அதன்பின் ஹார்ன். கணீரென்று கத்தினால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. முனகினாலோ, ஸ்டார்ட்டர் 'டிக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றாலோ, சீட்டைத் தூக்கிப் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும், அல்லது ஸ்க்ரூ விரலால் திருகினாலே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். முறுக்கிவிட்டால் பாதி வண்டிகள் அங்கேயே மன்னித்துவிடும். ஹார்னும் கத்தி, ஸ்டார்ட்டரும் சுற்றி, சாவி போட்டதும் வரவேண்டிய 'ம்ம்ம்' மட்டும் வரவில்லை என்றால் ஃப்யூஸையும் பம்ப்பையும் பார்க்க வேண்டும். அது மெக்கானிக் வேலை. இவ்வளவுக்கும் ஸ்பேனர் தேவைப்பட்டது ஒரே இடத்தில்.

பழைய வண்டிகள் இன்னும் ஓடவில்லையா என்பது அடுத்த கேள்வி. ஓடுகின்றன, 1996-லேயே உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ் 100-ஐ இன்றும் பிள்ளையாகப் பாவிப்பவர்கள் உண்டு. அந்த வண்டி நின்றால் ப்ளக்கைத் தாராளமாகக் கழற்றலாம், நானும் நிழல் பிடிக்க வருகிறேன். ஆட்சேபம் வைத்தியத்தின் மேல் இல்லை, நோயாளியின் வயதைக் கேட்காததன் மேல்தான். கூட்டம் கூடுவது வண்டியை ஓட்டவைக்க மட்டுமல்ல, நிற்பவருக்குத் துணையாகவும்தான் என்று யாராவது சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. சென்னை வெயிலில் அது பெரிய விஷயம். ஆனால் துணைக்கு நிற்பவர் கையில் ப்ளக் ஸ்பேனர் இருக்கும்போதுதான் வம்பு. நன்றாக இருந்த ப்ளக்கைச் சூட்டோடு திருகி, கோணலாக மாட்டி, அலுமினிய ஹெட்டின் மரையைக் கெடுத்துவிட்டால், ஓசியில் கிடைத்த ஆலோசனைக்கு மெக்கானிக் பில் போடுவார்.

ஆகவே நின்ற வண்டியைக் கண்டு இரக்கப்பட்டு ஓடிவரும் அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். வாருங்கள், கட்டாயம் வாருங்கள். வந்ததும் "வண்டி எந்த வருஷம் சார்?" என்று கேளுங்கள். 2020-க்குப் பிந்தையது என்றால், ஒரு தடவை ஹார்ன் அடிக்கச் சொல்லுங்கள்.