ஸ்லாஷ் சாமி

எந்த ஐடி கம்பெனிக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்கள் டீமில் அவருக்கு ஸ்லாஷ் சாமி என்று பெயர். பிரவுசரிலேயே மெயில் படிக்க, அனுப்ப ஒரு அப்ளிகேஷன், ஜாங்கோ என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் கட்டிக்கொண்டிருந்தோம். எந்த யூஆர்எல் வந்தால் எங்கே அனுப்புவது என்று வழி போடும் வேலை சாமிக்கு. மொத்தம் எட்டே வரி. ஒன்பது நாள் ஆயிற்று.

முகவரியின் வாலில் ஸ்லாஷ் வேண்டுமா, வேண்டாமா? இரண்டு நாள் இதிலேயே போனது.

"இல்லாம வந்தா ஜாங்கோவே சேத்து, திருப்பி அனுப்பிடுமே சார்" என்றான் புதுப் பையன்.

"படிக்க வந்தவனை அனுப்பும். மெயில் அடிச்சு அனுப்புறவன் அப்படி வந்தா? திருப்பி விடுறப்போ அடிச்சதெல்லாம் கொட்டிப்போயிடும் தம்பி."

கொடுமை என்னவென்றால், மனிதர் சொன்னது சரி. சாமிகளோடு இதுதான் தொல்லை.

வரிசை விஷயத்தில் இன்னும் கறார். ஜாங்கோ பட்டியலை மேலிருந்து படிக்கும். முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். அதனால் எண்ணை மட்டும் ஏற்கும் வரி மேலே, எந்தச் சொல்லையும் ஏற்கும் வரி கீழே. மாற்றிப் போட்டால், 100-ஆவது மெயிலைக் கேட்டவருக்கு '100' என்ற பெயரில் ஃபோல்டர் தேடிக்கொண்டிருக்கும். சாமி இதைக் கல்யாணப் பந்தியில் வைத்து விளக்குவார். "வாசல்லயே 'யார் வேணா உட்காரலாம்'னு இலை போட்டுட்டு, உள்ளே 'மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும்'னு போர்டு வெச்சா, உள்ள இருக்கிற இலையில எவன் வந்து உட்காருவான்?"

டெலிட் பட்டனை வெறும் லிங்க்காக வைத்தோமோ, தொலைந்தோம். 2005-ல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர், பக்கம் சீக்கிரம் திறக்கட்டும் என்று அதிலுள்ள லிங்க்குகளை முன்கூட்டியே தட்டிப் பார்த்ததையும், டெலிட்டை லிங்க்காக வைத்திருந்த அப்ளிகேஷன்களில் இருந்தவை அழிந்ததையும், நேற்று ராத்திரி எதிர்வீட்டில் திருடு போனதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

ஒருமுறை கொடுத்த முகவரியை மாற்றாதீர்கள் என்று வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவைத்திருக்கிறார். அதன் பிரின்ட்-அவுட் சாமியின் மானிட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறது. சந்தனம் குங்குமம்தான் பாக்கி.

பத்தாம் நாள், எட்டு வரியையும் ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். போன் அடித்தது. வீட்டுக்கு வந்த கூரியர் பையன், வழி தெரியாமல் நிற்கிறான்.

"மெயின் ரோட்ல நேரா வாப்பா. முன்னாடி ஒரு டீக்கடை இருந்துச்சு, இடிச்சுட்டாங்க. அங்க லெஃப்ட். அப்புறம் பச்சை கேட். இப்ப நீலம் அடிச்சிருக்கோம்."

ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, நான் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வாரம்தாண்ணே ஆகுது. எந்த டீக்கடைண்ணே?"