தங்கமான கேள்விகள்

என் மகன் முடி வளர்த்துக் குடுமி போட்டுக்கொண்டு திரிகிறான். ஆம்பளைப் பிள்ளை இப்படி இருக்கலாமா? (வாசகர், ராபர்ட்சன்பேட்டை)

‘கே.ஜி.எஃப்’ யஷ்ஷுக்கும் முடி உண்டு. ‘தங்கலான்’ விக்ரமுக்கு இன்னும் நீளம். இரண்டுமே உங்கள் ஊரான கோலார் தங்கவயலின் கதை. தியேட்டரில் விசில் அடித்தீர்களா, கத்தரிக்கோல் எடுத்தீர்களா?

சரி, மகள் கிராப் வெட்டிக்கொண்டு வந்தால் என்ன கேட்பதாக உத்தேசம்?

ஆண் பாதாளத்தில் இறங்கித் தங்கம் தோண்டினான். பெண் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இதில் ஆணாதிக்கம் எங்கே வந்தது? (வாசகர், சாம்பியன் ரீஃப்)

தோண்டியவர் வீட்டில் எத்தனை பேர் போட்டார்கள்? வெள்ளைக்காரன் காலத்து லாபம் லண்டனுக்குக் கப்பல் ஏறியது. பெண்களும் இறங்கட்டுமே என்றால் சட்டம் விடவில்லை: 1952 சுரங்கச் சட்டம், 46ஆம் பிரிவு. மேற்பார்வை, தொழில்நுட்ப, நிர்வாக வேலைகளுக்குப் பெண்கள் பகலில் நிலத்தடிக்குப் போகலாம் என்று அரசு சொன்னது 2019இல். உங்கள் சுரங்கம் மூடியது 2001இல். பூட்டுப் போட்டு 18 வருஷம் கழித்து, “உள்ளே வாங்கம்மா” என்று உபசாரம்!

சுரங்கத் தூசி தந்த சிலிகோசிஸ் நோய் இருமலோடு மேலே வந்தவரை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்ள மட்டும் எந்தப் பிரிவும் பெண்ணுக்குத் தடை போடவில்லை.

பெங்களூரு வேலை முடிந்து என் மகள் ரயிலில் வந்து சேர இரவாகிறது. தெருவே ஒரு மாதிரி பார்க்கிறது. (வாசகி, மாரிக்குப்பம்)

அதே ரயிலில் எதிர்வீட்டுப் பையனும் இறங்குவானே? அவனிடம் தெரு, “ரயில் லேட்டா தம்பி? சாப்பிட்டியா?” என்றிருக்கும். பசி இரண்டு பேருக்கும்தான்.