பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஓர் அப்புச்சி

வா கண்ணு, உக்காரு. கயித்துக் கட்டில்தான், இஸ்திரி போட்ட சட்டைக்கு ஒண்ணும் ஆவாது. சென்னையில சுற்றுச்சூழல் கன்சல்டண்ட் ஆயிட்டியாம், உங்கம்மா ஊர் பூராச் சொல்லிப்போட்டா. அதுலயும் ரிஸ்க்கு பாக்கற வேலையாம். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா உன்னை எல்.ஐ.சி. ஏஜெண்டுன்னே நெனச்சுக்கிட்டு இருக்குது. நான் திருத்தலை. உன்னைக் கண்டாலே அது ஒளிஞ்சுக்கும், உனக்கும் நிம்மதி.

ரெண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவன் நான். இந்தக் கரட்டை ஒடைக்க வந்தவங்களுக்காக மூணு கருத்துக் கேட்புக் கூட்டத்துல உக்காந்தவன். அதனால உன் தொழிலைப் பத்தி நாலு வார்த்தை சொன்னா தப்பில்லை. பேனா இருந்தா எழுதிக்க. இல்லாட்டியும் பரவால்ல, உங்க தொழில்ல யாரோ எழுதினதை எடுத்துக்கறதுதானே வழக்கம்.

அதுல மட்டும் சூதானமா இரு. மகாராஷ்டிராவுல ரத்னகிரிப் பக்கம் பாக்சைட் தோண்ட ஒரு அறிக்கை எழுதினாங்க. அங்கத்துப் பறவையெல்லாம் ஸ்ப்ரூஸ் காட்டுலயும் பிர்ச் காட்டுலயும் குடியிருக்குதுன்னு அதுல இருந்துச்சு. ரெண்டும் குளிர் தேசத்து மரம். ரத்னகிரிக்குப் பேரே மாம்பழத்தால. அப்புறம்தான் தெரிஞ்சுது, ரஷ்யாவுல ஒரு சுரங்கத்துக்கு எழுதினதை அப்படியே எறக்கி வெச்சிருக்காங்கன்னு. நீ அத்தனை தூரம் போவாத. காப்பி அடிக்கறதுன்னா பக்கத்து மாவட்டத்துல அடி. வேம்பும் வேலாமரமும் எங்கயும் இருக்கும். ஆத்துப் பேரை மட்டும் அழிச்சுப்போடு. முதல் கூட்டத்துக்கு வந்த அறிக்கையில நம்மூருக்கு நடுவால காவேரி ஓடுச்சு. நான் அன்னைக்கே துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கக் கெளம்பிட்டேன்.

அடுத்தது மீட்டர் கணக்கு. குடியிருப்புலேர்ந்து 300 மீட்டருக்குள்ள கல்குவாரி கூடாதுன்னு தமிழ்நாட்டுக் கனிம விதி சொல்லுது. நல்ல விதிதான். ஆனா குடியிருப்புன்னா எது? ரெவின்யூ கணக்குல ஊர்நத்தமா இருக்கணும், இல்லாட்டி அனுமதி வாங்கின மனையா இருக்கணும். தோட்டத்துக்குள்ள சாளை போட்டு நாலு தலைமுறையா இருக்கறவன் இந்தக் கணக்குல வரமாட்டான்னு வாதாட எடம் இருக்குது. ஆகமொத்தம் நானும் உங்க அம்மச்சியும் இங்க குடியிருக்கலை கண்ணு. இப்ப உனக்குக் காப்பித்தண்ணி குடுத்தது யாருன்னு எனக்கே சந்தேகமா இருக்குது.

ஹெக்டேர் கணக்கும் அப்படித்தான். 5 ஹெக்டேருக்குக் கம்மியான குவாரின்னாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு 2012-ல தீபக் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. ஏன் சொல்லுச்சு? கரட்டை வடைக்கு மாவு பிக்கற மாதிரி நாலே முக்கால், நாலே முக்காலாப் பிச்சு, ஒவ்வொண்ணும் சின்னதுதானுங்களேன்னு நின்னாங்க. அப்புறம் 500 மீட்டருக்குள்ள இருக்கற குவாரியெல்லாம் ஒரே கூட்டமா எண்ணணும்னு 2016-ல விதி வந்துச்சு. இப்ப நம்ம ஆளுக 510 மீட்டர் தள்ளி நிக்கப் பழகிக்கிட்டாங்க.

காத்து அளக்கற மெஷின் தெரியுமில்ல? மழைக்காலம் போக ஒரு பருவம், மூணு மாசம் அளக்கணும். பிஎம்10 தூசி 24 மணி நேரத்துச் சராசரியில கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. மெஷினை எங்க வைக்கறதுங்கறதுலதான் தொழிலே இருக்குது. காத்து வர்ற பக்கமா, கிரஷருக்கு முன்னால வை. தூசி பின்னால போறது உன் குத்தமா? நம்மூர்ல பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில வெச்சாங்க. வெச்சவங்க பொட்டாட்டப் போயிட்டாங்க. ஸ்விட்ச் போட ஆளில்லை. காக்கா கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, அதும் பறந்து போச்சு. அறிக்கையில பாத்தா வாரத்துக்கு ரெண்டு நாள் தவறாம ஓடியிருக்குது. அந்தக் காக்காயையாவது பல்லுயிர்ப் பட்டியல்ல சேத்தாங்களான்னு தேடினேன். அதும் இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம்னா ரிஸ்க்குன்னு உங்காளுக பயப்படறாங்க. எதுக்குப் பயம்? 30 நாள் முன்னாடி பேப்பர்ல போடணும், போடு. யார் எந்தப் பக்கத்தைப் படிக்கறா? கலெக்டரோ, அவருக்குப் பதிலா கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் அந்தஸ்துக்குக் கொறையாத ஒருத்தரோ தலைமை தாங்குவாங்க. இத்தனை பேர் வந்தாத்தான் செல்லும்னு கோரம் கெடையாது. அப்புறமென்ன, மாரியாத்தா நோம்பியன்னைக்கு வை. ஒண்ணு மட்டும் மறக்காத, எல்லாம் வீடியோவுல ஏறும். ரெண்டாவது கூட்டத்துல நான் எந்திரிச்சு, ‘இந்தக் குவாரி வந்தா ஊரு நல்லா உருப்படும்’னு சொன்னேன். ஆதரவுன்னு எழுதிப்போட்டாங்க. அதுலேர்ந்து கூட்டத்துல நான் நக்கல் பேசறதில்லை. வீட்டோட சரி.

அனுமதி வாங்கின பின்னாடி வேலை லேசு. ஜூன் 1, டிசம்பர் 1, வருஷத்துக்கு ரெண்டு தடவை நிபந்தனையெல்லாம் நெறவேத்தியாச்சுன்னு அறிக்கை அனுப்பணும். லாரிக்குத் தார்ப்பாய் போட்டாச்சு, ரோட்டுக்குத் தண்ணி அடிச்சாச்சு, 500 வேப்பங்கன்னு வெச்சாச்சு. உன் மாமன் மகன் ஃபோன்ல எடுத்துக் காட்டினான். மூணு வருஷத்து அறிக்கையிலயும் ஒரே ஃபோட்டோ, ஓரமா ஒரு வெள்ளாட்டுக் குட்டி. கன்னும் வளரலை, குட்டியும் வளரலை. நிசத்துல அந்தக் குட்டி வளந்து, வெச்ச கன்னையெல்லாம் தின்னுப்போட்டு, போன வருஷம் கெடா வெட்டுக்கே போயிருச்சு.

இத்தனை சொல்லியும் ஒரு எடம் இடிக்குது கண்ணு. உங்களுக்குக் கூலி குடுக்கறவன் குவாரிக்காரன். நானும் கண்ணபுரம் சந்தையில மாட்டுத் தரகு பண்ணினவன்தான். துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசறது எனக்கும் தெரியும். ஆனா பல்லு போன மாட்டை நாலு பல்லுன்னு ஒருக்காச் சொன்ன தரகனை மறுவருசம் யாரும் துண்டுக்குள்ள கை விட உடமாட்டாங்க. அங்க துண்டு மூடியிருக்கும், எழுத்து இருக்காது. உனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. காத்துக்கு ஒருத்தர், தண்ணிக்கு ஒருத்தர், செடிகொடிக்கு ஒருத்தர்னு உங்களுக்கு அங்கீகாரம் குடுக்கற நேபெட்காரங்க ஒத்துக்கிட்ட வல்லுநர் பேரைப் போட்டுக் கையெழுத்தும் வாங்கறாங்க. வேணும்னே மறைச்சாலோ பொய்யாக் குடுத்தாலோ மனுவைத் தள்ளலாம், குடுத்த அனுமதியையும் ரத்துப் பண்ணலாம்னு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலயே இருக்குது. அனுமதி வந்தா 30 நாளைக்குள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கு யார் வேணா போவாங்க. அப்ப குவாரிக்காரன் சொல்லுவான், ‘எனக்கென்னுங்க தெரியும், படிச்சவங்க எழுதினாங்க’ன்னு.

சரி, இதைப் பாரு. பஞ்சாயத்து ஆபீசுல பார்வைக்கு வெச்சிருந்தாங்க, நகல் எடுத்துக்கிட்டு வந்தேன். நாலாவது குவாரிக்கு வரைவு அறிக்கை. வட்டம் பத்து கிலோமீட்டர் போட்டிருக்குது, நம்ம தோட்டம் நடுப் பக்கத்துலயே வருது. தண்ணிக்கு வல்லுநர்னு யார் பேருன்னு படி. சத்தமாப் படிக்காத, அம்மச்சி காதுல விழுந்தா சந்தோசத்துல ஊரைக் கூட்டிரும். அதுக்குக் கீழ, 500 மீட்டருக்குள்ள பாசனத்துல இருக்கற கெணறு ஏதுமில்லை.

சுரைப்புருடையை இடுப்புல கட்டி உன்னை நான் தூக்கிப் போட்டனே, அது எந்தக் கெணறு? ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சுப்போட்டு எம்மேல கோவிச்சுக்கிட்டு அந்த வாய்க்கா மேட்டுலதான உக்காந்திருந்த? கரட்டு எல்லைக் கல்லுலேர்ந்து நான் எட்டு வெச்சு எண்ணிப் பாத்துட்டேன். கெழவன் எட்டு, கோர்ட்டுல நிக்காது.

கூட்டம் அடுத்த மாசம். முன்வரிசையில நான் உக்காந்திருப்பேன். அங்க வந்து அப்புச்சின்னு கூப்புட்டுப்போடாத, வீடியோ ஓடும். இப்பப் பொழுது இருக்குது, மோட்டாரும் ஓடிக்கிட்டிருக்குது. எந்திரி, இந்த டேப்போட நுனியைப் புடி. செருப்பைப் போட்டுக்க, அக்கட்டால நெருஞ்சி முள்ளு.