சன்னல் திட்டு வேளாண்மை: ஒரு தொடக்கநிலை ஆய்வு

நறுக்கி எறிந்த காய்கறித் துண்டுகளிலிருந்தே மறுபடி காய்கறி விளைவிக்கும் பெருமுயற்சியை அறிஞர் உலகம் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது எமது நெடுநாள் மனக்குறை. அதைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக் களம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலுள்ள சன்னல் திட்டு. கருவிகள், கைப்பிடி உடைந்த காபிக் கோப்பை, தயிர் டப்பா, ஜோடி இழந்த சாஸர்.

முதலில் வரலாறு. தாவரத்தின் தனியொரு செல்லுக்கும் முழுச் செடியாகும் ஆற்றல் உண்டென்று 1902-ல் ஆஸ்திரியத் தாவரவியலர் ஹேபர்லாந்த் கருதினார்; அவர் கையில் அது பலிக்கவில்லை. 1958-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் குழுவினர் கேரட் செல்களைக் கொண்டே முழுச் செடியை வளர்த்துக் காட்டினார்கள். அந்தச் செல்களுக்கு ஊட்டிய சத்துகளில் ஒன்று தேங்காய்த் தண்ணீர். சட்னிக்கு உடைக்கும்போது நாம் அண்ணாந்து குடித்துவிடுகிறோமே, அதே சரக்குதான். அறிவியல் எத்தனை முறை நம் தொண்டையோடு முடிந்துபோனதோ!

சாஸரில் வைத்த கேரட் தலை நான்கைந்து நாளில் பச்சை விடும். வீட்டார் பூரிப்பர். ஆனால் கீழே கேரட் வராது. கேரட் ஈராண்டுப் பயிர். முதலாண்டு கிழங்கில் சேர்த்ததை அடுத்த ஆண்டு பூவுக்கும் விதைக்கும் செலவழிக்கும். ஓய்வு பெற்றவர் சேமநிதியை எடுத்து மகள் கல்யாணத்தை நடத்துவதுபோல. சாஸரில் நாம் காண்பது அந்தக் கல்யாண ஏற்பாட்டை. கிழங்கு கேட்பது முறையன்று.

வெங்காயத்தில் நாம் தின்பது இலையின் அடிப்பகுதி. உண்மையான தண்டு, வேரை ஒட்டிய கெட்டி வட்டு. அதைத்தான் முதல் வேலையாக வெட்டி எறிகிறோம். தண்ணீரில் வைத்தால் வெங்காயத்தாள் கிடைக்கும். மகசூல், ஒரு ஆம்லெட்டின் பாதிக்குக் காணும்.

இனி எமது முதன்மைக் கருதுகோள்: கடைக்காரர் கொசுறாகக் கொடுப்பது வேர் விடாது. காசு கொடுத்து வாங்கிய புதினாத் தண்டு, கணுவரை தண்ணீரில் நின்றால் வெள்ளை வேர் விட்டுவிடுகிறது. கொசுறுக் கறிவேப்பிலையோ வாடிக் கருகுகிறது. அது விதையாலும் வேரடிக் கன்றாலும் பெருகும் இனம். வேரோடு வந்த கொசுறுக் கொத்தமல்லி சில நாள் பசுமையாக நின்றது மட்டுமே எதிர்ச்சான்று. அது கருதுகோளுக்கு ஒத்துவராததால் விலக்கப்பட்டது.

யாரும் விதைக்காமல், கொல்லைச் சாக்கடையோரம் தானே முளைத்துக் காய்க்கும் தக்காளி ஆய்வாளரின் கௌரவம் கருதி இங்கே விவாதிக்கப்படவில்லை.

மறுப்பாளர் தரப்பும் வலுவானதே. “டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான்டா முட்டை போடும்” என்பது வீட்டின் மூத்த அறிஞர் வாதம். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும் என்பதால் இதை மறுக்க வழியில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றுவதென்று உடன்பாடு ஏற்பட்டது. மாற்றுவது யார் என்பதில் ஏற்படவில்லை. இரு தரப்பும் வேலைக்கு வரும் அக்காவைக் கைகாட்டின. அவர் திங்கட்கிழமை காலை கேரட் தலையைக் குப்பையில் போட்டு, சாஸரைப் பளிச்சென்று துலக்கிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.